நிழல் விழுந்த வரிசை

வா தாயி, இப்படி வேம்படிக்கு வந்துரு. அங்க நிக்காத, இன்னும் செத்த நேரம் போனா அந்த மண்ணுல கால் வைக்க முடியாது. செருப்பைக் கழட்டாத, முள்ளு கெடக்கும். இந்தா, தண்ணி குடி. முழுசாக் குடி, குடத்துல இருக்கு.

என்ன சொன்ன? பரிசா? மரம் வளத்ததுக்கா?

கொடு, வாங்கிக்கிறேன். வர்றதை வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா? ஆனா ஒண்ணு. பூமியைக் குளிர வைக்கிறதுக்கு இருளாயி மரம் வளத்தான்னு மட்டும் எழுதிறாத. பூமி சூடாயிருச்சுன்னு நீங்க சொல்றதையே நான் நம்பல. அப்புறம் அதைக் குளிர வைக்க நான் எதுக்கு மரம் வைக்கப் போறேன்? நான் மரம் வச்சது என் கூடப் பொறந்தவனைப் பழி வாங்க. அதை எழுது. எழுதுவியா? சிரிக்கிற பாத்தியா, எழுத மாட்ட. ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறீங்க. அதுதான் எனக்கு ஆத்திரம்.

சுத்தியும் பாரு. கண்ணுக்கு எட்டின மட்டும் வெயில்ல கரண்டு எடுக்குற கறுப்புக் கண்ணாடிதான? இதெல்லாம் முந்திக் கருவேலங்காடு. சீமைக் கருவேலம். ஊரு முச்சூடும் கரி மூட்டம் போட்டுத்தான் சோறு தின்னோம். மரத்தை வெட்டிக் கட்டையைக் குவிச்சு அடுக்கி, மேல தழையும் ஈர மண்ணும் போட்டு மூடி, உள்ள தீயை வச்சுட்டுக் காவல் காக்கணும். நின்னு எரிஞ்சா சாம்பல். மூச்சு முட்டி வெந்தாத்தான் கரி. எங்கப்பன் காலத்துத் தொழில். அவரும் மூட்டத்தடியிலதான் போனாரு. ஒரு சித்திரையில மூட்டம் பிரிக்கையில சாஞ்சாரு, எந்திரிக்கல. வயசு. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், ஒரு பங்குனியில கரி மூடை ஏத்தும்போது போனாரு. அது குடி. இப்ப வந்து எல்லாத்துக்கும் வெயிலுன்னு பேரு வச்சிருக்காங்க. வெயிலு எங்க ஊருக்குப் புதுசா?

நாகசாமி எனக்கு எளையவன். ஆத்தா முகம் பாக்காத புள்ள. இடுப்புல வச்சுக்கிட்டே மூட்டத்துக்கு மண் அப்புனவ நான். அவனை ஐடிஐ படிக்க வச்சது யாருன்னு ஊர்ல கேட்டுப் பாரு. நானா சொல்லிக்கக் கூடாது. கரண்டு வேலை படிச்சான். கொஞ்ச நாள் வெளியூர்ல இருந்தான். திரும்பி வரும்போது கம்பெனிக்காரனைக் கூட்டிக்கிட்டு வந்தான்.

மொதல்ல ஒரு கூட்டம் போட்டாங்க, பள்ளிக்கூடத்துல. மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா வந்துச்சு. வெயிலு, மழை, காத்து, இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ற அம்மாவாம். சேலை நல்ல சேலை. வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுச்சு. உலகப் படம். முந்தி மஞ்சளா இருந்ததாம், இப்பச் செவப்பா ஆயிருச்சாம். நிலக்கரிப் புகை, வண்டிப் புகை, கட்டை எரிக்கிற புகை, எல்லாம் மேல போயி போர்வை மாதிரி மூடிக்கிருச்சாம். அதனால இனிமே சூரியன்ல இருந்துதான் கரண்டு எடுக்கணும், நம்ம நாடு உலகத்துக்கே வாக்குக் கொடுத்திருக்கு, அப்படின்னுச்சு.

எனக்குக் கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன். எந்திரிச்சு நின்னு கேட்டேன். "ஏம்மா, வாக்குக் கொடுத்தது யாரு? நாங்களா? புகை விட்டவன் எங்கெங்கயோ மெத்தை வீட்டுல இருக்கான். அவன் நெலத்தைக் கேக்காம எங்க நெலத்தை எதுக்குக் கேக்குறீக? ஊரே மூட்டம் போட்ட காலத்துலதான் எங்க கண்மாய் நெறஞ்சுச்சு. புகைக்கும் மழைக்கும் பகைன்னா எப்படி நெறஞ்சுச்சு? நீங்க வந்த காரு வெளியில இஞ்சினை அணைக்காம நிக்குதே, உள்ள டிரைவருக்குக் குளுருக்காக, அந்தப் புகை எந்தப் படத்துல சேத்தி?"

கேட்டது தப்பா? நீ சொல்லு.

அந்த அம்மா வாயைத் தொறந்துச்சு. பதில் சொல்லத்தான் போச்சு. அதுக்குள்ள நாகசாமி மைக்கைப் புடுங்கிட்டான். புதுச் சட்டை, கழுத்துல கம்பெனி அட்டை. சிரிச்சுக்கிட்டே சொல்றான், "மன்னிச்சுக்கங்க மேடம். எங்க அக்காதான். பொறந்ததுல இருந்து மூட்டத்துப் புகையிலேயே இருந்து மூளை கரியாப் போச்சு. மூடைக்கு என்ன வெலைன்னு கேளுங்க, அதுக்கு மட்டும் சரியாச் சொல்லும்."

ஊரே சிரிச்சுச்சு தாயி. நான் பேறுகாலம் பாத்துப் பொறந்த புள்ளைக சிரிச்சுதுக. நான் சோறு போட்டு வளத்தவன் மைக்குல சொல்றான், வெளிய மரத்துல கட்டின ரேடியோக் கொழாயில அது எதிரொலிக்குது, மூளை கரி, மூளை கரின்னு. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல நிக்குது.

அந்த அம்மா சிரிக்கல. உள்ளதைச் சொல்லணும்ல. கூட்டம் முடிஞ்சதும் என்னைத் தேடி வந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க கேட்டது நியாயமான கேள்விம்மா. வெயில் ஏறுறது நெசம். ஆனா அதுக்கு உங்க நெலம்தான் போகணுமான்னா, அதுக்கு என்கிட்ட முழுசாப் பதில் இல்ல"ன்னுச்சு. பாத்தியா? பதில் இல்லைன்னு அவளே ஒத்துக்கிட்டா! பதில் இல்லாத சங்கதி பொய்யில்லாம வேற என்ன? கையை உதறிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு நெனச்சேன். இவன் இந்த வாயாலேயே, அதே மைக்குல, அத்தனை பேரு முன்னாடி, சொன்னதைத் திருப்பி முழுங்கணும். முழுங்க வைக்காம நான் கண்ணை மூட மாட்டேன்.

அப்புறம் என்ன. ஒவ்வொருத்தனாக் கையெழுத்துப் போட்டான். எங்கப்பன் நெலம் ரெண்டு பங்கு. மேற்க நாகசாமி பங்கு, கிழக்க என் பங்கு. அவன் பங்கைக் கொடுத்துட்டு, என் பங்கும் வந்துரும்னு கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துட்டான். நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்த மாதிரி. நான் முடியாதுன்னுட்டேன். வந்து பாத்தாங்க, பேசிப் பாத்தாங்க, பொட்டு நெலம்தானன்னு விட்டுட்டாங்க. என்னைச் சுத்தி நாலு பக்கமும் கம்பி வேலி. நடந்து வர ஒரு பாதை. நடுவுல நானும், என் ஆடுகளும், இந்த ஓலைக் கொட்டகையும். காட்டை அடியோட பேத்துட்டாங்க, மூட்டத்துக்குக் கட்டை இல்ல, தொழில் போச்சு. நாகசாமிக்குக் கம்பெனியில காவல் சூப்பர்வைசர் வேலை. சின்ன அறை, சுழலுற நாற்காலி, தலைக்கு மேல காத்தாடி. வேலிக்கு அந்தாண்ட போவான், வருவான். என்னைப் பாக்க மாட்டான். நான் பாப்பேன். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.

வழி எனக்குத் தெரியாமத்தான் இருந்துச்சு தாயி. வழியைக் காட்டினது கவின். அங்க வேலை பாக்குற இஞ்சினியர், ஈரோட்டுப் பக்கத்துப் புள்ள. வெயில் தாங்காம ஒரு நாள் என் கொட்டகையில வந்து ஒதுங்குனான். மோரு கொடுத்தேன். வாயைக் கிண்டிக்கிட்டே இருந்தேன்.

"ஏய்யா, வெயிலு ஏறுது ஏறுதுங்கிறீகளே, நீ அளந்து பாத்தியா?"

"அளந்துதாம்மா வச்சிருக்காங்க. இங்க பாருங்க." போன்ல ஒரு கோட்டைக் காட்டுனான், மலை ஏறுற மாதிரி போகுது.

"அது உன் போன்ல ஏறுது. என் நெத்தியில ஏறலையே."

சிரிச்சான். நல்ல புள்ள, வெகுளி. அப்ப ஒரு வேலைக்காரன் வந்து, பேனலு மேல, அதான் இந்தக் கண்ணாடி மேல, பழைய தார்ப்பாய் ஒண்ணு பறந்து வந்து கெடக்குதுன்னான். இவன் பதறி எந்திரிச்சான். ஒரு பாய்க்கு என்னத்துக்கு இவ்வளவு பதட்டம்னு கேட்டேன்.

"அப்படி இல்லீங்கம்மா. இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்கு. ஒரே கயித்துல கட்டின மாடுக மாதிரி. ஒண்ணு படுத்துச்சுன்னா மத்ததும் நடக்காது. ஒரு பேனல் மேல நிழல் விழுந்தாலும் அந்த வரிசை பூராக் கரண்டு கொறைஞ்சுரும்."

"நிழலா?"

"ஆமாம்மா, நிழல்தான் எங்களுக்கு எதிரி."

அவன் போயிட்டான். நான் அப்படியே உக்காந்துட்டேன். எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம், என் கலியாணத்துக்கு வரல தாயி.

மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். வேப்பங்கொட்டை, புங்கங்கொட்டை, எங்கெல்லாம் கெடந்துச்சோ அங்கெல்லாம் போயிப் பொறக்கினேன். மேற்கு வேலியோரம் நெருக்கமா ஊனினேன். அது எந்தப் பக்கம்? நாகசாமி பங்கு. காலையில சூரியன் கிழக்க எந்திரிச்சா என் மரத்து நிழல் எங்க விழும்? அவன் வித்த மண்ணுல நிக்கிற பேனலு மேல. கணக்கு சரிதான?

தண்ணிக்கு என்ன செஞ்சேன்னு கேளு. இந்தப் பேனலுல தூசி படிஞ்சாலும் கரண்டு கொறையுமாம். அதுக்காகத் தண்ணி லாரி வந்து விடியக்காலம் கழுவுவாங்க. நாம குடிக்கிற தண்ணியை விட நல்ல தண்ணி. கழுவுற தண்ணி அப்படியே ஓடி மண்ணுல போகும். என் நெலம் கொஞ்சம் பள்ளம். மம்பட்டியை எடுத்து வேலிக்கு அடியில ஒரு கோடு இழுத்தேன், அவ்வளவுதான். அவன் பங்குல கண்ணாடி கழுவுன தண்ணி என் மரத்துக்கு வந்துருச்சு. ஆடு கடிக்காம முள்ளு அடைச்சு, ஒவ்வொரு கன்னுக்கிட்டயும் உக்காந்து சொல்லுவேன், வளரு, சீக்கிரம் வளரு, அவன் தலையில ஏறு. மத்தவங்க மரத்துக்குப் பாட்டுப் படிப்பாங்களாம். நான் வஞ்சம் சொல்லித்தான் வளத்தேன். அதுக்கே இப்படித் தழைச்சிருக்கு பாரு.

கொஞ்ச வருசம் பொறுத்தேன். பொறுக்கிறது எனக்குப் பழக்கம்தான், மூட்டத்துக்குக் காவல் இருந்தவதான நான். மரம் வேலிக்கு மேல எந்திரிச்சுச்சு. ஒரு நாள் காலையில பாத்தேன், மொத வரிசை மேல நிழல் விழுந்து கெடந்துச்சு, கறுப்புக் கம்பளி போத்துன மாதிரி. அன்னைக்குப் பூராப் பழைய கஞ்சியைக் கூட ருசிச்சுக் குடிச்சேன். அடுத்த வருசம் ரெண்டாவது வரிசை.

மொதல்ல கவின்தான் வந்தான், மொகம் வெளுத்துப் போயி. "அம்மா, வேணும்னே வச்சீங்களா?"

"நீதான்யா சொல்லிக் கொடுத்த."

மரத்தை அண்ணாந்து பாத்தான், என்னைப் பாத்தான், போயிட்டான். மேல யார்கிட்டயும் சொல்லலன்னு பின்னால கேள்விப்பட்டேன்.

அப்புறம் வந்தான் நாகசாமி. அந்தக் கூட்டத்துக்கப்புறம் என் வாசலை மிதிக்காதவன், கையில ஒரு சீப்பு வாழைப்பழம், வெத்தலை பாக்கு. சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி. காத்தாடியில இருந்து இருந்து ஆளு வெளுத்திருந்தான்.

"அக்கா, மேல நாலு கொப்பு மட்டும் வெட்டிக்கிறேன். எனக்கு மேல இருந்து ரொம்ப நெருக்குறாங்க."

"வெட்டிக்க. ஆனா கிராம சபையில மைக்கைப் பிடி. ரெண்டு சொல்லு. எங்க அக்கா மூளை கரியாகல, என் மூளைதான் கரியாப் போச்சுன்னு சொல்லு, அது ஒண்ணு. பூமி சூடாகுதுங்கிறதெல்லாம் கம்பெனிக்காரன் பொய்யி, அதை நம்பி உங்க நெலத்தை விக்க வச்சேன்னு சொல்லு, அது ரெண்டு."

அப்புறம் மெதுவாச் சொல்றான், "மொதல்ல உள்ளதைச் சொல்லிர்றேங்க்கா. அன்னைக்கு நான் பேசினது தப்புதான். அன்னைக்கு வீட்டுக்குப் போயே எனக்குச் சோறு எறங்கல. ஆனா ரெண்டாவதை எப்படிச் சொல்ல? அது பொய்யில்லக்கா. வேலிய நான் தினம் சுத்தி வர்றேன். வெயிலு முந்தி மாதிரி இல்ல. வேலைக்கு வர்ற பயலுக மத்தியானம் வாந்தி எடுக்குறானுக. அப்பாவும் மச்சானும் எப்படிப் போனாங்கன்னு நெனச்சுப் பாரு."

அப்பனை இழுக்குறான் பாத்தியா? செத்தவுகளை இழுக்குறான்! "ரெண்டும் சேத்துச் சொன்னாத்தான் கொப்பு. இல்லைன்னா பழத்தை எடுத்துக்கிட்டுப் போ"ன்னேன். பழத்தை வச்சுட்டுப் போயிட்டான். ஆட்டுக்குப் போட்டேன்.

ஆமா தாயி, பாதி சொல்றேன்னான். இல்லைங்கல. பாதிப் பழி யாருக்கு வேணும்? அரை வேக்காட்டுக் கரியை எவனாவது வாங்குவானா?

அடுத்து தாசில்தாரைக் கூட்டியாந்தாங்க. ஊரே வேலியோரம் வேடிக்கை பாக்குது. அவரு குடையைப் பிடிச்சுக்கிட்டு வெறைப்பா நின்னு சொல்றாரு, "இந்தாம்மா, இது நாட்டுத் திட்டம். பூமி வெப்பத்தைக் கொறைக்கிற திட்டம். இடைஞ்சல் பண்ணக் கூடாது. மரத்தை வெட்டியாகணும்."

நான் கும்பிட்டுக் கேட்டேன், "ஐயா, பூமியைக் குளிர வைக்கத்தான் மரத்தை வெட்டச் சொல்றீகளா?"

அவ்வளவுதான். ஊரு சிரிச்சுச்சு. இந்தத் தடவை என்னைப் பாத்து இல்ல. கூட வந்த தலையாரியே வாயைப் பொத்திக்கிட்டாரு. தாசில்தார் மரத்தைப் பாத்தாரு, குடையை மடக்கினாரு, நிழல்ல நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சாரு, போயிட்டாரு. அப்புறம் அவரு வரவே இல்ல. நாகசாமி வேலிக்கு அந்தாண்ட தனியா நின்னான். அவனுக்குச் சிரிப்பு வரல. நான் அவனைப் பாத்துக்கிட்டே வெத்தலை போட்டேன்.

அந்த மாசத்துலயே அவன் நாற்காலி போச்சு. உன் அக்காளையே உனக்குச் சமாளிக்கத் தெரியலையேன்னு சொல்லிப் பேனலு கழுவுற வேலைக்கு அனுப்பிட்டாங்க. கையில குச்சி, குச்சி முனையில பஞ்சு. அதான் நீ பாத்திருப்ப வரும்போது, அந்த வேலை. என் வாசல்லயே அவன் கழுவுனான். அவன் கழுவுன தண்ணி என் மரத்துக்கு வந்துச்சு. எனக்கு வேற என்ன வேணும்? சாமி இருக்குன்னு அன்னைக்குத்தான் நம்புனேன்.

சித்திரை மாசம். லாரி அன்னைக்கு லேட்டு. விடியக்காலம் வரவேண்டியது வெயிலேறி வந்துச்சு. வேலையை விட முடியுமா, உச்சி வெயில்ல கழுவ விட்டுட்டான் மேஸ்திரி. கண்ணாடிக்கு நடுவுல நிக்கிறவனுக்கு மேல இருந்தும் அடிக்கும், கண்ணாடியில இருந்தும் அடிக்கும். நான் உள்ள அடுப்புல இருந்தேன். கத்துற சத்தம் கேட்டுச்சு. வந்து பாத்தா, நாலு பேரு தூக்கிக்கிட்டு ஓடி வர்றானுக. வேலியைத் தூக்கி, அடியில இழுத்து, இதோ, நீ உக்காந்திருக்க பாரு, இந்த எடத்துல கொண்டாந்து போட்டானுக. வேற எங்க போடுவானுக? அவ்வளவு தூரத்துக்கு நிழல்னு ஒண்ணு இது மட்டும்தான இருக்கு.

எனக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. பொய் சொல்லுவானேன். இத்தனை வருசம் காத்துக் கெடந்தேன் இவன் என் காலடியில விழணும்னு. விழுந்துட்டான். கிட்டப் போயி நெத்தியில கை வச்சேன். சுட்டுச்சு. வேர்வை ஒரு பொட்டு இல்ல. பிரிக்காத மூட்டத்து மேல கை வச்ச மாதிரி. கண்ணு மேல சொருகி, வாய் என்னமோ ஒளறுது.

கவின் ஓடி வந்தான். "தண்ணி! அம்மா, தண்ணி கொண்டாங்க! எவ்வளவு இருக்கோ அவ்வளவும்!"

லாரித் தண்ணி தீந்து போச்சு. என் குடத்துல இருந்துச்சு. நான் சுமந்து கொண்டாந்தது. குடத்தைக் கையில எடுத்துட்டேன். எடுத்துட்டு அவன் பக்கத்துல உக்காந்து கேக்குறேன், "சொல்லுடா. அக்கா சொன்னதுதான் சரின்னு சொல்லு. வெயிலு ஒண்ணும் ஏறலைன்னு சொல்லு. சொல்லுடா, ஊத்துறேன்." அவன் தலை அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. "சொல்லுடா!"ன்னு கத்துறேன்.

கவின் குடத்தைப் புடுங்கிட்டான். நான் கொடுக்கல. அதை நல்லா எழுதிக்க. நான் கொடுக்கல, அவன் புடுங்கினான். நான் கையை விட்டேன், அவ்வளவுதான்.

தலை, கழுத்து, கக்கம்னு ஊத்தினான். துணியை நனைச்சுப் போத்தினான். விசிறச் சொன்னான். என் முந்தானைதான் பெருசு, அதனால நான் விசிறினேன். ஆம்புலன்சு வந்துச்சு.

பெரியாஸ்பத்திரியில டாக்டரு சொன்னாராம், உடனே நிழல்ல போட்டுத் தண்ணி ஊத்தலைன்னா ஆள் போயிருக்கும்னு. வெயில் தாக்குன கேசு இந்த மாசம் ரொம்ப வருதுன்னும் சொன்னாராம். இவன் காலையில சாப்பிடாமப் போனவன். சாப்பிடாமப் போனா மயக்கம் வராம என்ன வரும்? அதை யாராவது சொல்றாங்களா?

அதுல இருந்து புடிச்சது தாயி என் சனி. ஊரு பூரா ஒரே பேச்சு. இருளாயி மரம்தான் தம்பியைக் காப்பாத்துச்சு, என்ன இருந்தாலும் கூடப் பொறந்த பாசம், நெருப்பு மாதிரி பேசுவா, மனசு நிழலு. அவன் பொண்டாட்டி மலர்க்கொடி, என்னைக் கண்டா காறித் துப்புறவ, ஒரு நாள் வந்து மரத்துக்கு மஞ்சத் துணி சுத்திக் குங்குமம் வச்சுட்டுப் போறா! என் மரத்துக்கு! அவ புருசனைக் கவுக்க நான் வளத்த மரத்துக்கு! அறுத்து எறிஞ்சேன். மறு வாரம் திரும்பச் சுத்தியிருக்கா. இப்ப நீ வேற பரிசோட வந்துட்ட. நான் பாடுபட்டு வளத்த பழியை, ஆளுக்கொரு கை போட்டுப் புண்ணியமா மாத்திட்டீகளே, இது நியாயமா?

கம்பெனிக்காரனும் ஓஞ்சுட்டான். என் வேலியோரத்து ரெண்டு வரிசையையும் பேத்து எடுத்து வேற பக்கம் வச்சுட்டான். அந்தா, வெறும் தரையாக் கெடக்குது பாரு, இரும்புக் கால் நட்ட குழி மட்டும் இருக்கு. நாகசாமிக்குக் கையில நடுக்கம், இனி வேலைக்கு ஆக மாட்டான்னு நிறுத்திட்டாங்க. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? வீட்டுத் தகரம் கொதிக்குது, உள்ள கெடக்க முடியலைன்னு, காவக்காரன்கிட்டக் கேட்டுக்கிட்டு, கயித்துக் கட்டிலைத் தூக்கியாந்து அந்தத் தரையில போட்டுட்டான். அவன் வித்த மண்ணு, என் மரத்து நிழலு.

காலையில நிழல் நீளமாக் கெடக்கும், தூரமாப் படுத்திருப்பான். வெயிலேற ஏற நிழல் சுருங்கும்ல, கட்டிலை இழுத்துக்கிட்டே வருவான். கொஞ்சம் கொஞ்சமா. உச்சிக்கு வேலியில வந்து முட்டிக்கிட்டு நிக்கும் கட்டிலு. அதுக்கு மேல நிழலு முழுசா என் பக்கம். அவன் கால் மட்டும் வெயில்ல கெடக்கும். மடக்கிக்குவான்.

ஒரு நாள் அருவாளை எடுத்தேன். இவனுக்கு எதுக்கு என் நிழலு? மொத மரத்துல போட்டேன் ஒரு வெட்டு. அப்பத்தான் ஒறைச்சுச்சு. வெட்டுனா கம்பெனிக்காரனுக்குக் கொண்டாட்டம், மறுநாளே வரிசையைத் திரும்ப நட்டுருவான். வெட்டலைன்னா இவனுக்குக் கொண்டாட்டம். எதைச் செஞ்சா ரெண்டு பேருக்கும் வலிக்கும்? யோசிச்சுக்கிட்டே இருக்கேன். இன்னும் ஒண்ணும் பிடிபடல.

உள்ள வாடான்னு நான் கூப்பிட மாட்டேன். அக்கான்னு அவன் கூப்பிட மாட்டான். கஞ்சிச் சட்டியை வேலியோரம் வைக்கிறது ஆட்டுக்கு. ஆடு வராத நாள்ல அவன் எடுத்துக் குடிச்சா அதுக்கு நான் பொறுப்பில்ல.

ஏன் இவ்வளவு சத்தமாப் பேசுறேன்னு கேக்குறியா? திரும்பிப் பாரு, புங்க மரத்துக்குப் பின்னால, வேலிக்கு அந்தாண்ட. தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு இருக்கான். அத்தனையும் கேக்குறான். கேக்கட்டும். வெயிலு ஏறலைன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, இந்த வேலியைப் பிரிச்சு நானே கட்டிலை உள்ள இழுத்துப் போடுறேன்.

சொல்ல மாட்டான். பாரு, கால் வெயில்ல கெடக்குது, அப்பக்கூடச் சொல்ல மாட்டேங்கிறான்.